தனுஷ்கோடி ரயில் நிலையத்தை மூடியது யார்?

தனுஷ்கோடி ரயில் நிலையத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 1964 டிசம்பர் 22 இரவில் தொடங்கி, அந்த இரவிலேயே முடித்தும் விடுகிறார்கள். புயல் வந்தது, அலை ரயிலைக் கொண்டுபோனது, ஊர் அழிந்தது. இடிந்த சுவருக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ள இவ்வளவு தெரிந்தால் போதும். ஆனால் ஒரு ரயில் நிலையம் ஏன் மூடப்பட்டது என்று கேட்கிறவருக்கு இது விடையாகாது. அதே இரவில் பாம்பன் பாலமும்தான் விழுந்தது. தூண்களுக்கு நடுவே பாதையைத் தாங்கிய நூற்றுக்கும் மேற்பட்ட இரும்புக் கண்கள் கடலுக்குள் போயின. அந்தப் பாலத்தை 46 நாளில் மீட்டுவிட்டார்கள். பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன 24 கி.மீ. பாதையை மட்டும் யாரும் திரும்பப் போடவில்லை.

கடல் இரண்டையும் ஒரே கையால் இடித்தது. மனிதர்கள் ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டார்கள். எதை எடுப்பது, எதை விடுவது என்பதற்கான காரணங்கள் அந்த ஒரே இரவில் பிறந்தவை என்று நான் நினைக்கவில்லை. புயலுக்கு 25 ஆண்டுகளுக்கு முன்பே தனுஷ்கோடியின் போக்குவரத்து ஒவ்வொரு சட்டமாக அறுபடத் தொடங்கியிருந்தது. இந்த ஆய்வு அந்தக் கோணத்திலிருந்து நிலையத்தின் வாழ்நாளைப் பார்க்கிறது.

கப்பலுக்காக வந்த ரயில்

ராமேஸ்வரம் தீவின் தென்கிழக்கு வால் போன்ற மணல் நீட்சியின் கடைசியில் இருக்கிறது தனுஷ்கோடி. வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. அமைதியாகக் கிடக்கும் வடக்குக் கடலைப் பெண்கடல் என்றும் அலையடிக்கும் தெற்குக் கடலை ஆண்கடல் என்றும் மீனவர்கள் சொல்வார்கள். இரண்டுக்கும் நடுவில் மணல்தான் ஊர். விளைநிலம் கிடையாது, மண்ணைத் தோண்டினால் ஊறும் நல்ல தண்ணீர், மீன், சேதுவில் நீராட வருகிற யாத்திரிகர்கள், இவ்வளவுதான் இருந்தன. இப்படிப்பட்ட இடத்துக்கு ஒரு ரயில் கம்பெனி மெயில் வண்டி விட்டதற்கு ஊர் காரணமில்லை. எதிர்க்கரைதான் காரணம். தலைமன்னார் அங்கிருந்து சுமார் 35 கி.மீ. தொலைவில் இருக்கிறது.

அதற்கு முன் இலங்கைக்குப் போகிறவர் தூத்துக்குடி வரை ரயிலில் வந்து, அங்கே கப்பலேறி, ஓர் இரவு முழுவதும் திறந்த கடலில் ஆடியபடி கொழும்பு போய்ச் சேர வேண்டும். கடல் பயணத்தைக் குறைத்தால் பயணிகளும் அஞ்சலும் சரக்கும் கூடும் என்பது தென்னிந்திய ரயில்வே கம்பெனிக்கு நன்றாகத் தெரியும். 1902இல் தண்டவாளம் மண்டபம் வரை வந்துவிட்டது. அங்கிருந்து நீரிணையின் குறுக்கே இலங்கை வரைக்கும் பாலமே கட்டிவிடலாம் என்ற யோசனையும் இருந்தது. செலவு கட்டுபடியாகாது என்று அதைக் கைவிட்டு, நடுத்தரமான ஒரு வழியைப் பிடித்தார்கள்: மண்டபத்திலிருந்து தீவுக்குப் பாலம், தீவின் நுனி வரை ரயில், அங்கிருந்து நீராவிக் கப்பல், அக்கரையில் மறுபடியும் ரயில்.

இரண்டு கி.மீ.க்குச் சற்று மேல் நீளமுள்ள பாம்பன் பாலம் 1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்டது. நடுவில், கப்பல் போகும்போது இரண்டாகப் பிரிந்து மேலே எழும்பும் ஷெர்சர் தூக்குக் கண். பாலத்தைத் தாண்டி பாம்பன் சந்திப்பில் பாதை இரண்டாகப் பிரிந்தது. ஒன்று ராமேஸ்வரத்துக்கு, சுமார் 10 கி.மீ. மற்றது தனுஷ்கோடிக்கு, 24 கி.மீ. இன்று ராமேஸ்வரத்தில் இறங்குகிற யாருக்கும் இது புதிராகப்படும்: அன்று மெட்ராஸிலிருந்து கப்பல் பயணிகளை ஏற்றி வந்த போட் மெயில் என்ற ரயிலின் இலக்கு தனுஷ்கோடி. இத்தனை பெரிய கோயில் உள்ள ராமேஸ்வரம் கிளைப் பாதையில் இருந்தது. பாலம் யாருக்காகக் கட்டப்பட்டது என்பதை இந்த ஒரு பிரிவே சொல்லிவிடும். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் 1965இல் நடந்தது எளிதாகப் புரியும்.

அதே 1914இல் இலங்கை அரசும் மதவாச்சியிலிருந்து மன்னார் வழியாகத் தலைமன்னார் துறை வரை தண்டவாளம் போட்டுவிட்டது. இரண்டு அரசுகள், இரண்டு ரயில்வேக்கள், நடுவில் கப்பல். ஆனால் பயணிக்கு ஒரே டிக்கெட். எழும்பூரில் வாங்கிய டிக்கெட்டைக் காட்டிக் கொழும்பு கோட்டை நிலையத்தில் இறங்கலாம். தொடக்கத்தில் ஓடிய கப்பல்கள் கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச். மூன்றும் வைஸ்ராய்களின் பெயர்கள். பின்னாளில் இர்வினும் கோஷனும் வந்தன. பழைய தலைமுறையினர் கப்பலின் பெயரைச் சொல்லியே தங்கள் பயணத்தை நினைவுகூர்வார்கள்.

நிலையத்தைச் சுற்றி ஊர் வளர்ந்தது. ரயில்வே ஊழியர் குடியிருப்பு, சிறிய ரயில்வே மருத்துவமனை, பள்ளிகள், அஞ்சல் அலுவலகம், சுங்க அலுவலகம், துறைமுக அலுவலகம், சத்திரங்கள், தேவாலயம், கடைகள். நிலையம் ஊருக்குத் தென்கிழக்கே, கப்பல் துறையை ஒட்டியிருந்தது. வண்டி வந்து நின்றதும் பயணிகள் சுங்கச் சோதனை முடித்துக் கப்பலுக்குப் போவார்கள். கப்பலில் வந்தவர்கள் வண்டிக்கு வருவார்கள். ஊரில் தங்க யாருக்கும் நேரமில்லை. சத்திரத்துக்கும் வழிப்போக்கனுக்கும் உள்ள உறவுதான் தனுஷ்கோடிக்கும் அதன் ரயிலுக்கும் இருந்தது. வழிப்போக்கன் பாதையை மாற்றிக்கொண்டால் சத்திரத்தால் ஒன்றும் செய்ய முடியாது.

யார் போனார்கள்

போட் மெயில் பற்றிய நினைவுகளில் முதல் வகுப்புக்காரர்களின் குரல்தான் அதிகம் கேட்கிறது. நகரத்தார் முதலாளிகள், கீழக்கரை, காயல்பட்டினம் வணிகர்கள், யாழ்ப்பாணத்திலிருந்து மெட்ராஸ் கல்லூரிகளுக்கு வந்த மாணவர்கள், கச்சேரிக்கும் நாடகத்துக்கும் அக்கரை போன கலைஞர்கள், அரசியல் தலைவர்கள். இவர்கள் எழுதினார்கள், அல்லது இவர்களைப் பற்றி மற்றவர்கள் எழுதினார்கள்.

வண்டியை நிரப்பியவர்கள் வேறு. திருச்சி, சேலம், புதுக்கோட்டை, ராமநாதபுரம், திருநெல்வேலிப் பக்கங்களிலிருந்து ஆள் சேர்த்து மேய்க்கும் கங்காணிகளின் கீழ் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன கூலிக் குடும்பங்கள் அவர்கள். ரயில் வருவதற்கு முன் அவர்களின் முன்னோர் மன்னாரில் இறங்கி, காடும் காய்ச்சலும் நிறைந்த வடக்குப் பாதையில் மலைநாட்டுக்கு நடந்தே போனார்கள். வழியில் விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. ரயிலும் கப்பலும் அந்த நடையை ஒழித்தன என்பது உண்மை. ஆனால் அவர்களுக்கு நேர்வழி கிடையாது. முதலில் மண்டபம் முகாம். இலங்கை அரசு இந்திய மண்ணில் நடத்திய நோய்த் தடுப்பு முகாம் அது. அங்கே சில நாள் அடைத்துவைத்து, பரிசோதித்து, அம்மை குத்தி, காலராவும் பிளேக்கும் இல்லை என்று உறுதியான பிறகே வண்டியேற்றுவார்கள். கழுத்தில் தகர வில்லை. எந்தத் தோட்டம், எந்தக் கங்காணி என்ற விவரம் அதில். தனுஷ்கோடி மேடையில் இவர்களும் முதல் வகுப்புக்காரர்களும் ஒரே கப்பலை நோக்கித்தான் நடந்தார்கள், வேறு வேறு வரிசைகளில்.

காசி யாத்திரை சேதுவில் நீராடினால்தான் நிறைவு பெறும் என்ற நம்பிக்கை வடநாட்டு யாத்திரிகர்களையும் தனுஷ்கோடிக்குக் கொண்டுவந்தது. இது ரயிலுக்கு முந்திய போக்குவரத்து. ரயில் இதைப் பெருக்கியது. ஆனால் யாத்திரிகருக்காக மட்டும் அந்த மணலில் துறைமேடையும் சுங்க அலுவலகமும் யாரும் கட்டமாட்டார்கள்.

வழி வற்றியது

1939 ஆகஸ்ட் 1 முதல், திறன் தேவைப்படாத வேலைகளுக்கு இலங்கை செல்வதை இந்திய அரசு தடைசெய்தது. இலங்கை அரசு இந்திய வம்சாவளி தினக்கூலி ஊழியர்களை வேலையிலிருந்து நீக்கத் தொடங்கியதற்கு எதிர்வினை அது. தனுஷ்கோடிப் பாதையின் வரலாற்றை எழுதினால் 1964க்கு நிகராக இந்தத் தேதியையும் பெரிய எழுத்தில் போட வேண்டும். புதிதாக ஆள் சேர்த்து மூன்றாம் வகுப்புப் பெட்டிகளை நிரப்பிய ஓட்டம் அன்று அறுந்தது. ஏற்கெனவே அங்கே இருந்தவர்கள் ஊருக்கு வந்து போவது நின்றுவிடவில்லை. ஆனாலும் ஒரு பெரும் ஆற்றின் தலைமடை அடைபட்டுவிட்டது.

அடுத்து, இலங்கையின் சுதந்திரம். அந்நாட்டின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், தோட்டங்களில் குடியேறியிருந்த மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1949இல் வந்த சட்டம் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வழி காட்டியது. அந்த வழியில் நுழைந்து வெளியே வந்தவர்கள் குறைவு. குடிவரவுச் சட்டம் விசாவைக் கொண்டுவந்தது. அதுவரை தங்கை கல்யாணத்துக்கும் ஊர்க் கொடைக்கும் ஒரு டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்துபோன குடும்பம், இனிமேல் போனால் திரும்ப விடுவார்களா என்று யோசிக்க வேண்டியதாயிற்று. காகிதம் இல்லாதவர் தோணியேறினார். ‘கள்ளத்தோணி’ என்ற வசை அந்த ஆண்டுகளில் ஊன்றியது. காகிதம் உள்ளவர்கள் மீதும் ஒட்டியது.

மறுபக்கம், வசதி படைத்தவர்கள் கடலைவிட்டு வானத்துக்குப் போனார்கள். ஏர் சிலோன் 1947 டிசம்பரில் தன் முதல் பயணத்தையே கொழும்பிலிருந்து காங்கேசன்துறை வழியாக மெட்ராஸுக்குத்தான் நடத்தியது. ஓர் இரவும் ஒரு பகலும் எடுத்த பயணம் சில மணி நேரமாகச் சுருங்கியது. மேல் வகுப்பும் போயிற்று, கீழ் வகுப்பும் போயிற்று. நடுவில் மிஞ்சியதை வைத்துக்கொண்டு தெற்கு ரயில்வே 1950களில் பழைய பெயரிலேயே வண்டி ஓட்டியது.

நிலமும் துணை நிற்கவில்லை. தனுஷ்கோடியின் தென்பகுதியில், மன்னார் வளைகுடாவை ஒட்டிய ஒரு பட்டை 1948, 1949இல் ஏறக்குறைய 5 மீட்டர் தாழ்ந்துபோனதாக இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை விஞ்ஞானிகளின் ஆய்வு சொல்கிறது. அரை கி.மீ. அகலமும் 7 கி.மீ. நீளமும் உள்ள நிலம், வீடுகளும் வழிபாட்டிடங்களும் உட்பட, நீரில் போனது. இதைக் கேட்டவுடன், ‘அப்படியானால் நிலம்தானே காரணம், அரசியலை ஏன் இழுக்கிறாய்’ என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் நிலம் தாழ்ந்த பிறகும் 15 ஆண்டுகள் போட் மெயில் அங்கே போய்க்கொண்டிருந்தது. வேலை இருக்கும் வரை ரயில்வே ஆபத்தான நிலத்தையும் சகித்துக்கொள்ளும். ஆபத்து ஒரு காரணமாக மேலெழுவது வேலை போன பிறகுதான்.

கடைசியாக, 1964 அக்டோபர் 30. லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கேயும் கையெழுத்திட்ட ஒப்பந்தம். இலங்கையில் நாடற்றிருந்த இந்திய வம்சாவளியினர் 9.75 லட்சம் பேரைக் கணக்குப் போட்டு, 5.25 லட்சம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு, 1.5 லட்சம் பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று பிரித்தார்கள். அந்த மனிதர்களின் தாத்தாக்கள் வந்த பாதை தனுஷ்கோடிப் பாதை. ஒப்பந்தப்படி திரும்பி வரவும் அதுதான் பாதை. ஏழரை வாரம் கழித்து அந்தப் பாதை இல்லாமல் போனது.

டிசம்பர் 22

டிசம்பர் 17 அன்று தெற்கு அந்தமான் கடலில் உருவான காற்றழுத்தத் தாழ்வு, 19ஆம் தேதி வாக்கில் புயலாக வலுத்து, ஏறக்குறைய நேர்கோட்டில் மேற்கே வந்தது. 22 அன்று இலங்கையில் வவுனியாப் பகுதியைக் கடந்து நீரிணைக்குள் நுழைந்தது. காற்றின் வேகம் மணிக்கு 280 கி.மீ. வரை இருந்திருக்கலாம், அலை 7 மீட்டர் வரை எழுந்திருக்கலாம் என்பவை மதிப்பீடுகள். அளந்து சொல்லக் கருவி எதுவும் அங்கே மிஞ்சவில்லை.

பாம்பனிலிருந்து 653ஆம் எண் தனுஷ்கோடி பாசஞ்சர் இரவு 11.55க்குப் புறப்பட்டது. ஆறு பெட்டிகள். டிக்கெட் கணக்குப்படி 110 பயணிகள், 5 ரயில்வே ஊழியர்கள். தனுஷ்கோடியை நெருங்கும்போது கைகாட்டி விளக்கு எரியவில்லை என்றும், ஓட்டுநர் வண்டியை நிறுத்தி நீண்ட ஊதல் கொடுத்துப் பார்த்தார் என்றும், பதில் கிடைக்காததால் மெல்ல நகர்ந்தார் என்றும் பின்னாளில் சொல்லப்பட்டது. வண்டிக்குள் இருந்த யாரும் மிஞ்சவில்லை என்பதால், இந்த விவரிப்பில் எவ்வளவு ஊகம், எவ்வளவு சாட்சியம் என்று பிரிப்பது கடினம். நிலையத்தை எட்டுவதற்குச் சற்று முன், பேரலை ஒன்று வண்டியை முழுவதுமாகப் புரட்டிப்போட்டது. 115 பேரும் இறந்தார்கள். டிக்கெட் இல்லாமல் ஏறியவர்களையும் சேர்த்தால் 200 வரை போகும் என்ற பேச்சு அப்போதே இருந்தது.

ஓட்டுநர் ஏன் நகர்த்தினார் என்ற கேள்வியை இந்தச் சம்பவத்தைப் பற்றி எழுதுகிற பலர் எழுப்புகிறார்கள். எனக்கு அது வீணான கேள்வியாகவே படுகிறது. அவர் நின்ற இடமும் அதே மணல்தான், இருபுறமும் அதே கடல். நின்றிருந்தாலும் அலை அவரைத் தேடி வந்திருக்கும். பின்னால் போகலாம் என்றால், பின்னால் 24 கி.மீ.யில் எந்த இடத்தில் தண்டவாளம் அறுந்திருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? கேட்க வேண்டிய கேள்வி பாம்பனைப் பற்றியது: அந்த நேரத்தில், அந்தக் காற்றில், கடலுக்கு நடுவே போகும் பாதையில் ஒரு வண்டியை ஏன் அனுப்ப முடிந்தது? இன்று காற்றின் வேகம் வரம்பைத் தாண்டினாலே பாம்பன் பாலத்தில் வண்டியை நிறுத்திவிடுகிறார்கள். அன்று தந்தியும் தொலைபேசியும் அறுந்தால், அடுத்த நிலையத்தில் என்ன நடக்கிறது என்பது இந்த நிலையத்துக்குத் தெரியாது. அவ்வளவுதான் ஏற்பாடு.

ஊரும் ரயிலோடு போனது. வெளியுலகத்துக்குச் சேதி முழுமையாகத் தெரியவே இரண்டு நாள் ஆயிற்று. மண்டபத்திலிருந்த கடல்துறை அதிகாரி கொடுத்த தகவலை வைத்து, மெட்ராஸ் ரயில்வே தலைமையகம் டிசம்பர் 25 அன்றுதான் அறிக்கை வெளியிட்டது. இந்தியாவிலும் இலங்கையிலுமாக 1,800 பேர் இறந்திருக்கலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் எண்ணிக்கை. அப்போது ராமேஸ்வரத்தில் இருந்த ஜெமினி கணேசனும் சாவித்திரியும் தப்பியது பத்திரிகைகளுக்குப் பெரிய செய்தியாயிற்று. தனுஷ்கோடியில் யார் யார் இருந்தார்கள் என்ற பெயர்ப் பட்டியல் அந்த அளவுக்கு யாருக்கும் செய்தியாகவில்லை.

ஓர் இடைக்குறிப்பு: பிரதமர் சாஸ்திரி, 1956இல் அரியலூர் ரயில் விபத்துக்குப் பொறுப்பேற்று ரயில்வே அமைச்சர் பதவியை விட்டவர். எட்டு ஆண்டுகளுக்குப் பின் ஒரு முழு வண்டியே மனிதர்களோடு காணாமல் போனபோது, ரயில்வே அமைச்சர் எஸ்.கே. பாட்டீல். யாரும் பதவி விலகவில்லை. புயலைக் காரணம் காட்டும்போது அந்தப் பேச்சு எழாது.

எதைக் கட்டுவது

புயல் ஓய்ந்தபோது தெற்கு ரயில்வேயின் முன் இரண்டு இழப்புகள் இருந்தன. பாலம் ஒன்று, தனுஷ்கோடிப் பாதை மற்றொன்று. பாலத்தின் தூண்கள் பெரும்பாலும் நின்றன. ஷெர்சர் தூக்குக் கண்ணும் தப்பியது. மற்றக் கண்களில் பெரும்பாலானவை கடலடியில் கிடந்தன. ஆறு மாதத்தில் முடிக்க முதலில் திட்டமிட்டு, பிறகு அதை மூன்று மாதமாகக் குறைத்து, வேலையை 32 வயதுப் பொறியாளர் ஒருவரிடம் கொடுத்தார்கள். அவர் இ. ஸ்ரீதரன். பின்னாளில் கொங்கன் ரயில்வே, டெல்லி மெட்ரோ என்று நாடறிந்தவர். புதிய இரும்புக் கண்களுக்காகக் காத்திருக்காமல், மூழ்கிக் கிடந்தவற்றை மீனவர்களின் உதவியோடு தேடித் தூக்கி மறுபடியும் ஏற்றினார். 46 நாளில் பாலம் தயார்.

இதைப் பொறியியல் வெற்றியாக எல்லோரும் எழுதியிருக்கிறார்கள், வெற்றிதான். இந்த ஆய்வுக்கு அது வேறொன்றையும் சொல்கிறது. கடலுக்கு நடுவே இவ்வளவு விரைவாக வேலை செய்யத் தெரிந்த நிர்வாகத்துக்கு, மணலில் 24 கி.மீ. மீட்டர் கேஜ் தண்டவாளம் போடத் தெரியாதா? போட்டிருக்கலாம். போட்டால் அது எங்கே போய்ச் சேரும் என்பதுதான் கேள்வி. பாலத்துக்கு அக்கரையில் ராமேஸ்வரம் இருந்தது. கோயில் இருந்தது, யாத்திரிகர்கள் இருந்தார்கள், மீன் சரக்கு இருந்தது, உயிரோடு ஒரு ஊர் இருந்தது. தனுஷ்கோடியில் துறைமேடை இல்லை, அலுவலகங்கள் இல்லை, மக்கள் இல்லை. பக்தவத்சலம் தலைமையிலான மெட்ராஸ் அரசு அந்த ஊரை வாழத் தகுதியற்ற இடமாக அறிவித்துவிட்டது. குடியிருக்கக் கூடாது என்று அரசு சொன்ன ஊருக்கு ரயில்வே தண்டவாளம் போடாது.

புயல் 1924இல் வந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம். தோட்டங்களுக்கு ஆள் வேண்டும். கப்பல் கம்பெனிக்கும் ரயில் கம்பெனிக்கும் அதில் வருமானம். கொழும்பிலும் மெட்ராஸிலும் உட்கார்ந்திருந்த ஒரே பேரரசுக்கு அந்த வழி தேவை. பாலத்துக்கு முன்பே தனுஷ்கோடிப் பாதைக்குச் சரளைக்கல் வந்து இறங்கியிருக்கும் என்றே நினைக்கிறேன். 1964இல் வாதாட ஆளில்லை. போக விரும்பியவர்களுக்கு அனுமதியில்லை, அனுமதி உள்ளவர்களுக்கு விமானம் இருந்தது. திரும்பி வரப்போகிறவர்களின் விருப்பத்தை ஒப்பந்தத்திலேயே யாரும் கேட்கவில்லை. அவர்கள் எந்தத் துறையில் இறங்கினால் வசதி என்று மட்டும் கேட்டுவிடப்போகிறார்களா?

அப்படிப் பார்த்தால் 1914இல் பாம்பனில் பிரிந்த இரண்டு கிளைகளில் எது முதன்மை என்பது 1965இல் தலைகீழாயிற்று. கிளையாக இருந்த ராமேஸ்வரம் முடிவிடமானது. முதன்மைப் பாதை காடாகி மணலாகிப் போனது.

கப்பல் இடம் மாறியது

கப்பல் போக்குவரத்து புயலோடு முடிந்துவிடவில்லை என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அது ராமேஸ்வரத்துக்கு மாறியது. ராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடிய ‘ராமானுஜம்’ கப்பலில்தான் ஒப்பந்தத்தின் மனிதர்கள் வந்தார்கள். மலைநாட்டு நிலையங்களிலிருந்து தலைமன்னாருக்குப் புறப்பட்ட வண்டியை அங்குள்ளவர்கள் ‘அழுகைக் கோச்சி’ என்றார்கள்; போகிறவரும் அழுதார், வழியனுப்ப வந்தவரும் அழுதார். இக்கரையில் அவர்களை வரவேற்றது மண்டபம் முகாம். பாட்டனை அம்மை குத்தி அனுப்பிய அதே இடத்தில் பேரன் வந்து பெயர் பதிந்தான். அங்கிருந்து நீலகிரித் தேயிலைத் தோட்டங்களுக்கும், கொடைக்கானல் மலைக்கும், ஊரே தெரியாத சொந்த ஊர்களுக்கும் போனார்கள். 1984இல், இலங்கையில் போர் மூண்ட பிறகு, இந்தக் கப்பலும் நின்றது.

போர் தனுஷ்கோடிக்கு வேறொரு வேலையைக் கொடுத்தது. 1983க்குப் பிறகு இரவில் தோணிகளில் வந்தவர்களை ஓட்டிகள் தனுஷ்கோடியின் நுனியான அரிச்சல்முனையிலும் அதையடுத்த மணல் திட்டுகளிலும் இறக்கிவிட்டுப் போனார்கள். சுங்கம் இல்லை, டிக்கெட் இல்லை, மேடை இல்லை. ஆனால் அதே 35 கி.மீ., அதே கரை. அங்கிருந்து அவர்கள் போய்ச் சேர்ந்த இடமும் மண்டபம் முகாம்தான். நிலையத்தை மூடிவிட்டால் வழி மூடிவிடும் என்று யாராவது நினைத்திருந்தால், அந்தத் திட்டுகளைப் போய்ப் பார்க்கலாம்.

மெட்ராஸிலிருந்து ராமேஸ்வரம் போகும் ஒரு வண்டியை மக்கள் இன்னும் போட் மெயில் என்றே அழைக்கிறார்கள். படகு போய் நாற்பது ஆண்டு ஆயிற்று.

மறுபடியும் தண்டவாளம்?

தனுஷ்கோடிக்குப் பல காலம் மணலில் ஓடும் வேன்களில்தான் போக முடிந்தது. 2017 ஜூலையில் அரிச்சல்முனை வரை தேசிய நெடுஞ்சாலை திறக்கப்பட்டது. சுற்றுலாக் கூட்டம் பெருகியது. கூட்டத்தைப் பார்த்ததும் ரயில் ஆசையும் வந்தது. 2019 மார்ச் 1 அன்று பிரதமர் மோடி ராமேஸ்வரம்–தனுஷ்கோடி அகலப் பாதைக்கு அடிக்கல் நாட்டினார். 17.2 கி.மீ., 208 கோடி ரூபாய் என்று அப்போது சொன்னார்கள். பாதை பழைய தடத்தில் இல்லை. பாம்பனிலிருந்து புறப்படாமல் ராமேஸ்வரத்திலிருந்து புறப்படுவதாக இருந்தது. பிறகு செலவு ஏறியது; நிலத்தின் தன்மையையும் சுற்றுச்சூழலையும் காட்டி மாநில அரசு வேண்டாமென்றது; திட்டம் கைவிடப்பட்டது. புதிய பாம்பன் பாலம் மட்டும் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. 1965இல் நடந்ததேதான் மறுபடியும் நடந்திருக்கிறது: பாலத்துக்குப் பணம், தனுஷ்கோடிப் பாதைக்கு ‘பிறகு பார்க்கலாம்’.

இந்த முறை கைவிட்டது சரி என்பது என் கருத்து. எதிர்க்கரையோடு ஒப்பிட்டால் காரணம் விளங்கும். தலைமன்னார்ப் பாதையும் 1990இல் போரால் நின்றுபோனது. தண்டவாளம் முழுவதும் அழிந்தது. இந்தியக் கம்பெனி ஒன்று கட்டிக்கொடுத்து, 2015 மார்ச்சில் ரயில் மறுபடியும் தலைமன்னார் துறை வரை போனது. அங்கே போர் முடிந்து மன்னார் மக்கள் திரும்பி வந்திருந்தார்கள். வண்டிக்கு வழியெல்லாம் ஊர்கள் இருக்கின்றன. தனுஷ்கோடியில் குடிசைகளில் வாழும் மீனவக் குடும்பங்களுக்குப் பள்ளியும் மருத்துவமும் குடிநீரும் தேவை; கடலரிப்பில் நிற்கும் மணலில் அகலப் பாதை அவர்கள் கேட்டதில்லை. சுற்றுலாப் பயணிக்குச் சாலையே போதும்.

கப்பல் திரும்ப வந்தால்? அதற்கும் தனுஷ்கோடி தேவைப்படாது. 2011 ஜூனில் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குத் தொடங்கிய கப்பல் அந்த நவம்பரிலேயே நின்றது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் தொடங்கி, நின்று, மறுபடியும் தொடங்கியது. இரண்டு முறையும் பாதுகாப்பான துறைமுகம் உள்ள ஊர்களையே தேர்ந்தெடுத்தார்கள். தலைமன்னாருக்கு என்றாவது கப்பல் விட்டால் அது ராமேஸ்வரத்திலிருந்தே புறப்படும். ரயில் அங்கே வரை ஏற்கெனவே இருக்கிறது.

செய்ய வேண்டியது சிறிய வேலை. பவளக்கல்லும் சுண்ணாம்புமாக நிற்கிற மிச்சச் சுவர்களை உப்புக்காற்றும், ஏறி நின்று படம் எடுப்பவர்களும் சேர்ந்து தின்றுகொண்டிருக்கிறார்கள். நிலையத்தின் மிச்சத்தைச் சுற்றி வேலி போட்டு, ஒரு பலகை வைக்கலாம். அதில் புயலும் 653ஆம் எண் வண்டியும் கட்டாயம் இருக்கட்டும். கூடவே தலைமன்னார், ஒரே டிக்கெட், மண்டபம் முகாம், 1939, 1948, 1964 அக்டோபர் ஆகியவையும் இருக்க வேண்டும். இப்போது அங்கே போகிறவருக்கு ‘பேய் நகரம்’ என்ற ஒரே தகவல்தான் கிடைக்கிறது; அதுவும் வேன்காரர் சொல்லித்தான்.